ஆக்கர் ஆயரின் ஏழு கடிதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சிலுவைப்போர்கள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஆக்கர் நகரத்து ஆயராக இருந்த ழாக் த வித்ரி எழுதிய கடிதங்களைப் படித்தால் அந்தக் காலம் கண்முன்னே வந்து நிற்கும் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கேள்வி அனுப்பியிருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் அவருக்குத்தான்.

ஐயா, யார் இந்த ழாக் த வித்ரி? எந்தக் காலத்தவர்? எத்தனை கடிதங்கள் கிடைத்திருக்கின்றன? – வாசகர், மதுரை

பிரெஞ்சுக்காரர். பாரிசில் படித்தவர். படிப்பு முடிந்து பெரிய பதவிகளைத் தேடிப் போகாமல், இன்றைய பெல்ஜியத்தில் லியேஜ் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஓன்யி என்ற சின்ன ஊரின் துறவு மடத்தில் வந்து சேர்ந்தார். அங்கே மரி என்ற ஒரு பெண்மணி, எந்தக் கன்னியர் மடத்திலும் சேராமல், ஏழ்மையிலும் செபத்திலும் வாழ்ந்துகொண்டிருந்தார். அவரைத் தன் ஆன்மிகத் தாய் என்றே ழாக் கடைசிவரை சொன்னார். மரி 1213-இல் இறந்தபின் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியதும் இவர்தான்.

ழாக்கின் பெரிய திறமை பிரசங்கம். சிலுவைப்போருக்கு ஆள் திரட்டும் பேச்சாளராகப் பெயர் வாங்கினார். அந்தப் பெயர்தான் 1216-இல் அவரை ஆக்கருக்கு ஆயராக்கியது. ஆக்கர் என்பது இன்றைய இஸ்ரேலின் வடகரையில் இருக்கும் அக்கோ. 1187-இல் சலாகுத்தீன் எருசலேமைக் கைப்பற்றிய பிறகு, சிலுவைப்போர் அரசு என்று மிஞ்சியது பெரும்பாலும் கடலோரப் பட்டணங்கள்தான். 1191-இல் திரும்பக் கிடைத்த ஆக்கர்தான் நடைமுறையில் அதன் தலைநகரம்.

கடிதங்கள் ஏழு, எல்லாம் லத்தீன். முதலாவது 1216 அக்டோபரில் இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்திலிருந்து எழுதியது, கடைசி 1221 ஏப்ரலில் எகிப்தின் டாமியெட்டாவிலிருந்து. ஐந்து வருடத்துக்குள் அடங்கிவிடுகிற ஏழு கடிதங்கள். பாரிசில் இருந்த ஆசிரியர்கள், லியேஜ் பக்கத்து நண்பர்கள், ஐவியேர் மடத்துக் கன்னியர், போப் ஹொனோரியுஸ் என்று பல பேருக்கு இவை போயின. ஒரே கடிதத்தையே பிரதி எடுத்து, முகவரியை மட்டும் மாற்றிப் பலருக்கும் அனுப்பியிருக்கிறார்.

பிற்பாடு கிழக்கு நாடுகளைப் பற்றி ஒன்று, மேற்கைப் பற்றி ஒன்று என்று இரண்டு வரலாற்று நூல்களும் எழுதினார். அறிஞர்கள் அதிகம் புரட்டியது அவற்றைத்தான். என் மனசு கடிதங்களிடம்தான் இருக்கிறது. வரலாற்று நூல் எழுதுகிறவருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. கடிதம் எழுதும்போது ழாக்குக்கு அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று தெரியாது. ஜெயிப்போம் என்று நம்பிக்கொண்டு, பயந்துகொண்டு, ஊர் நினைவோடு எழுதுகிறார். அதனாலேயே அவர் எங்கே சரியாகப் பார்த்தார், எங்கே கண்ணை மூடிக்கொண்டார் என்பது இரண்டும் தெரிகிறது.

செத்துப்போன போப்பின் துணியைத் திருடர்கள் உருவிக்கொண்டு போனதை இவர் பார்த்தார் என்று எங்கேயோ படித்தேன். கட்டுக்கதையா? – வாசகர், யாழ்ப்பாணம்

கட்டுக்கதை இல்லை. முதல் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

ஆயராகத் திருநிலைப்படுத்தப்படுவதற்காக ழாக் 1216 ஜூலையில் பெரூஜியா நகரத்துக்கு வந்து சேர்கிறார். போப் மூன்றாம் இன்னொசென்ட் அப்போது அங்கேதான் இருந்தார். சாதாரண போப் இல்லை, ஐரோப்பிய அரசர்களை ஆட்டிப்படைத்தவர், முந்தைய வருடம்தான் லாத்தரன் பொதுச்சங்கத்தைக் கூட்டி அடுத்த சிலுவைப்போருக்கு நாள் குறித்தவர். ஜூலை 16 அன்று அவர் இறந்துபோனார். ழாக் வந்தபோது உடல் இன்னும் அடக்கம் செய்யப்படவில்லை. அடக்கத்துக்காக உடுத்தியிருந்த விலையுயர்ந்த உடைகளை இரவோடு இரவாக யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உடல் ஏறக்குறைய நிர்வாணமாக, நாற்றம் எடுத்த நிலையில் கோயிலுக்குள் கிடந்தது. உள்ளே போய் இந்த உலகத்தின் பெருமை எவ்வளவு குறுகியது, எவ்வளவு பொய்யானது என்று தன் கண்ணாலேயே பார்த்ததாக எழுதுகிறார்.

இரண்டு நாளில் ஹொனோரியுஸ் தேர்ந்தெடுக்கப்படுகிறார். வயதானவர், எளிமையானவர், தன்னிடம் இருந்ததையெல்லாம் அநேகமாக ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டவர் என்று ழாக் மனம் நிறைந்து பாராட்டுகிறார். ஜூலை 31 அன்று ழாக்கை ஆயராக்கியதும் அவரே. ஆனால் போப்பைச் சுற்றியிருந்த அலுவலகம் ழாக்குக்குப் பிடிக்கவில்லை. அரசர்கள், ராஜ்ஜியங்கள், வழக்குகள், தகராறுகள், இதிலேயே அவர்கள் மூழ்கிக் கிடந்ததால், ஆன்மிகம் பற்றி ஒரு வார்த்தை பேசுவதே கஷ்டமாக இருந்தது என்கிறார். இதைச் சொல்கிறவர் திருச்சபையின் எதிரி இல்லை, அன்றைக்குத்தான் அதன் ஆயராக எண்ணெய் பூசப்பட்டவர். அதனால்தான் அந்த வரிகளுக்கு அவ்வளவு கனம்.

அந்தச் சலிப்புக்கு நடுவே அவருக்கு ஒரே ஆறுதல் கிடைத்தது. தங்கள் சொத்தையெல்லாம் விட்டுவிட்டுச் சின்ன சகோதரர்கள், சின்ன சகோதரிகள் என்ற பெயரில் வாழ்ந்த ஒரு கூட்டத்தைப் பார்த்தார். ஆண்கள் பகலில் ஊருக்குள் போய் மக்களிடையே உழைப்பார்கள், இரவில் தனிமைக்குத் திரும்பிவிடுவார்கள், வருடத்துக்கு ஒரு முறை ஓரிடத்தில் கூடிச் சேர்ந்து சாப்பிடுவார்கள். பெண்கள் ஊருக்கு வெளியே விடுதிகளில் தங்கித் தங்கள் கை உழைப்பில் வாழ்வார்கள். மக்கள் தங்களுக்குக் காட்டுகிற மரியாதை அதிகம் என்று அவர்களுக்கே வருத்தம். இது அசிசி பிரான்சிஸ், கிளாரா ஆகியோரின் கூட்டம்தான். அந்த இயக்கத்தை வெளியிலிருந்து பார்த்து எழுதிய மிகப் பழைய சாட்சியங்களில் இந்தக் கடிதமும் ஒன்று.

ஆற்றில் விழுந்த புத்தகப் பெட்டி, விரல், கோவேறு கழுதை என்று சென்ற இதழில் ஒரு வரி வந்ததே, அதை விளக்குங்களேன். – வாசகி, கோயம்புத்தூர்

பெரூஜியாவுக்கு வரும் வழியில், வட இத்தாலியின் லொம்பார்டியாவில் நடந்தது. வெள்ளம் புரண்ட ஓர் ஆற்றைக் கடக்கும்போது அவருடைய பெட்டிகள் தண்ணீரில் போயின. ஒரு பெட்டி முழுக்கப் புத்தகங்கள். சாத்தானோடு போரிட நான் வைத்திருந்த ஆயுதங்களை அவனே ஆற்றில் தள்ளினான் என்கிறார். இன்னொரு பெட்டியில் ஓன்யி மரியின் விரல் ஒன்றை அருளிக்கமாக வைத்திருந்தார். அந்தப் பெட்டியைச் சுமந்த கோவேறு கழுதை முழுகாமல் கரை சேர்ந்தது. அடித்துக்கொண்டு போன புத்தகப் பெட்டியும் பிறகு மரங்களில் சிக்கிக் கிடைத்தது. எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தாலும் எல்லாவற்றையும் படிக்க முடிகிறது என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறார்.

புனிதர் என்று மதிக்கப்பட்டவரின் உடற்பகுதியைப் பாதுகாப்புக்காகக் கூடவே கொண்டுபோவது அந்தக் காலத்தில் இயல்பான பக்தி. எனக்கு இந்த இடத்தில் பிடித்தது இன்னொன்று. மரி அப்போது திருச்சபையால் புனிதராக அறிவிக்கப்பட்டவர் இல்லை. இறந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ழாக்குக்கு அவர் புனிதர், அவ்வளவுதான். அந்த விரலைப் பிற்காலத்தில் கர்தினால் ஹுகோலினோவிடம் கொடுத்தார் என்று மரியின் வரலாற்றுக்குத் தொடர்ச்சி எழுதிய ஒருவர் சொல்கிறார். அந்த ஹுகோலினோதான் பிறகு போப் ஒன்பதாம் கிரகோரி.

கப்பல் பயணம் எப்படி இருந்தது? ஆயர் என்றால் தனி அறை உண்டா? – வாசகர், தூத்துக்குடி

உண்டு, ஒன்றில்லை பல. கப்பல் ஏறும் முன்னே ஜெனோவாவில் ஒரு தொந்தரவு. யாருடைய குதிரை கண்ணில் பட்டாலும் போருக்கு ஓட்டிப்போய்விடுவது அந்த ஊர் வழக்கம், இவருடைய குதிரைகளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆண்கள் எல்லாம் ஒரு கோட்டையை முற்றுகையிடப் போய்விட்ட அந்த நேரத்தில் இவர் ஊரில் மிஞ்சியிருந்த பெண்களிடம் பிரசங்கம் செய்ய, சிலுவைப்போருக்குப் போவோம் என்று அவர்கள் உறுதி எடுத்துக்கொண்டார்கள்.

கப்பல் புத்தம் புதியது. சாப்பிடவும் படிக்கவும் மேல்தளத்தில் ஓர் இடம், துணைவர்களோடு படுக்க ஓர் அறை, துணிமணிக்கும் வாரச் சாப்பாட்டுச் சாமானுக்கும் ஓர் இடம், வேலையாட்களுக்கு ஒன்று, குதிரைகளுக்கு ஒன்று என்று வாடகைக்கு எடுத்திருக்கிறார். திராட்சை ரசம், காய்ந்த ரொட்டி, இறைச்சி என்று மூன்று மாதத்துக்கான உணவைக் கீழே ஏற்றிவைத்தார். குளிர்காலம் நெருங்கும்போது ஏன் புறப்பட வேண்டும் என்பதற்கும் காரணம் சொல்கிறார். ஜெனோவாக் கப்பல்கள் குளிர்காலக் கடலைத் தாங்கும், அந்தப் பருவத்தில் உணவு கெடாது, குடிதண்ணீரும் கோடையில்போல் அழுகிப்போகாது, காற்றில்லாமல் நடுக்கடலில் நிற்கவும் வேண்டியதில்லை. கடல் தெரிந்த உங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும்.

புயலில் அவதிப்பட்டு, 1216 நவம்பர் 4 அன்று ஆக்கர் வந்து சேர்ந்தார்.

ஆக்கர் நகரத்தை அவர் அவ்வளவு திட்டியிருக்கிறாரே, அவ்வளவு மோசமா அந்த ஊர்? – வாசகர், சென்னை

இரண்டாவது கடிதத்தைத் திறந்தாலே தெரியும், ஒன்பது தலைகள் ஒன்றோடொன்று சண்டையிடும் ஒரு கொடிய மிருகம் என்கிறார் ஆக்கரை. ஆயராக வந்தவருக்கு அங்கே யார்மேல் அதிகாரம் இருந்தது என்று பார்த்தால் அந்தக் கோபம் புரியும். ஜெனோவா, பீசா, வெனிஸ் வணிகர்களுக்குத் தனித்தனி வட்டாரம், தனித்தனிக் கோயில். நாங்கள் உங்களுக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்றார்கள். யாக்கோபியர் என்ற கிழக்குக் கிறிஸ்தவப் பிரிவினருக்குத் தனிப் பேராயர். அரபு பேசும் சிரியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி ஆயர். இவர்கள் தவிர நெஸ்தோரியர், ஜார்ஜியர், அர்மீனியர் என்று வேறு கிழக்குக் கிறிஸ்தவர்கள். சிலுவைப்போர் வீரர்களின் வழியில் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஐரோப்பியரைப் புல்லானி என்பார்கள், அவர்களும் இவர் சொல்லைக் கேட்கிற மாதிரி இல்லை.

குற்றங்களின் பட்டியல் நீளமானது. இரவும் பகலும் கொலை. பிடிக்காத மனைவியைக் கழுத்தை நெரிக்கும் கணவன், கணவனுக்கு விஷம் வைக்கும் மனைவி, விஷம் விற்பதற்கென்றே கடை. விலைமாதர்கள் அதிக வாடகை தருகிறார்கள் என்பதால் பொதுமக்களோடு குருக்களும் துறவிகளும்கூட அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டார்கள் என்று எழுதுகிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர் பிரசங்கி. பாவத்தைப் பெரிதாகக் காட்டினால்தான் அடுத்த பக்கத்தில் வரும் மனமாற்றம் பெரிதாகத் தெரியும், இது அந்தத் தொழிலின் வழக்கம். கொலைகளின் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம் என்பேன். வீட்டு வாடகை விஷயத்தை நம்புகிறேன், ஏனென்றால் தன் சொந்த ஆட்களையே அவமானப்படுத்தும் ஒரு விவரத்தை, தூரத்து நண்பர்களிடம் சொல்வதற்காக ஓர் ஆயர் கற்பனை செய்யத் தேவையில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்ட இடமும் இதே கடிதத்தில்தான் இருக்கிறது. கிழக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர் பார்வை குறுகிவிடுகிறது. யாக்கோபியர் குழந்தைகளுக்கு விருத்தசேதனம் செய்கிறார்கள், குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதில்லை, ஒரே விரலால் சிலுவை அடையாளம் போடுகிறார்கள் என்று குறைகளாகவே அடுக்குகிறார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அவர்களிடம் பிரசங்கம் செய்து சிலரை மாற்றினதாகப் பெருமைப்படுகிறார். சிரியர்கள் காசுக்காக ரகசியங்களை முஸ்லிம்களிடம் விற்கிறவர்கள் என்று ஒரு மொத்தச் சமூகத்தின் மேலேயே பழி போடுகிறார். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த மண்ணில் கிறிஸ்தவர்களாக வாழ்ந்துவந்தவர்கள் அவர்கள். வந்து சில மாதமே ஆன ஓர் ஆயர் அவர்களுக்குச் சமயம் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முஸ்லிம் அடிமைகள் கண்ணீரோடு ஞானஸ்நானம் கேட்டும் அவர்களுடைய கிறிஸ்தவ எஜமானர்கள் மறுத்தார்கள், ஏனென்றால் ஞானஸ்நானம் பெற்றவனை முன்போல் வேலை வாங்க முடியாது. இதை ழாக் மறைக்கவில்லை, கோபத்தோடு எழுதுகிறார். சிலுவை அரசின் அடியில் இருந்தது என்ன என்பதற்கு இந்த ஒரு தகவலே போதும்.

ஆயராக அவருடைய ஒரு நாள் எப்படிப் போகும்? – வாசகர், நாகர்கோவில்

அதையும் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் பூசை. அப்புறம் நண்பகல்வரை பாவசங்கீர்த்தனம் கேட்பது. அதன்பின் சாப்பாடு, அதுவும் கஷ்டப்பட்டுத்தான், இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து பசியே போய்விட்டது என்கிறார். பிற்பகலில் நோயாளிகளைப் பார்க்கப் போவார். பிறகு அனாதைகள், விதவைகள் வழக்குகள். படிப்பதற்கு நேரமே கிடைப்பதில்லை என்று பாரிஸ் நண்பர்களிடம் ஏங்குகிறார். ஆற்றில் விழுந்த புத்தகங்களை அவ்வளவு பாசமாகக் காப்பாற்றிய மனுஷர் இப்படி எழுதும்போது எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிடுகிறது.

ஊரிலேயே உட்கார்ந்தும் இருக்கவில்லை. தீர், சீதோன், பெய்ரூட், திரிப்போலி, தர்த்தூஸ் என்று கடலோரம் வடக்கே நெடுகப் பயணம் போய்ப் பிரசங்கம் செய்திருக்கிறார்.

அசிசி பிரான்சிஸ் சுல்தானைப் போய்ப் பார்த்தது நிஜமா? எங்கள் பங்குக் கோயில் சுவரில் அந்தக் காட்சியை வரைந்திருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன். – வாசகி, பாளையங்கோட்டை

நிஜம். அதற்கு மிக நெருக்கமான காலத்துச் சாட்சியே நம் ழாக்தான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எருசலேமைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் எகிப்தைப் பிடிக்க வேண்டும் என்பது ஐந்தாம் சிலுவைப்போரின் திட்டம். 1218 மே மாதக் கடைசியில் படை நைல் முகத்துவாரத்தில் டாமியெட்டாவுக்கு எதிரே இறங்கியது. ஆற்றின் நடுவே ஒரு கோபுரம், அதிலிருந்து நகரச் சுவர்வரை கப்பலை மறிக்கும் சங்கிலி. இரண்டு கப்பல்களைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் ஒரு மிதக்கும் கோபுரம் எழுப்பி ஆகஸ்டில் அதைப் பிடித்தார்கள். அதற்கு அப்புறமும் நகரம் ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. அந்த முற்றுகையின் நடுவே, 1219-இல், பிரான்சிஸ் அங்கே வந்தார்.

1220 வசந்தகாலத்தில் எழுதிய கடிதத்தில் ழாக் சொல்வது இதுதான்: பிரான்சிஸ் எங்கள் பாசறைக்கு வந்தார், விசுவாசத்தின் வேகத்தில் பயமில்லாமல் எதிரிப் பாசறைக்குப் போனார், சில நாட்கள் பிரசங்கம் செய்தார், பெரிய பலன் இல்லை. ஆனால் எகிப்து சுல்தான், எந்தச் சமயம் கடவுளுக்கு அதிகம் பிரியமோ அதில் நான் சேரும்படி எனக்காகச் செபியுங்கள் என்று அவரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார். அந்த சுல்தான் அல்-காமில். பிற்காலத்தில் இந்தச் சந்திப்போடு நெருப்புச் சோதனை போன்ற பல கதைகள் ஒட்டிக்கொண்டன. ழாக்கின் வரிகளில் அற்புதம் எதுவும் இல்லை. பலன் இல்லை என்று ஒளிக்காமல் எழுதுகிறார், எதிரி அரசனின் வாயில் மரியாதையான ஒரு வேண்டுகோளை வைக்கிறார். சுல்தான் உண்மையிலேயே இந்த வார்த்தைகளைச் சொன்னாரா, பாசறைக்குத் திரும்பிய பேச்சு அப்படி ஆகிவிட்டதா என்று வாதிக்கலாம். போர் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சிலுவைப்போர் ஆயர் எதிரியைப் பற்றி இப்படி எழுதினார் என்பதே பெரிய விஷயம்.

இன்னொன்று, ஆயரின் வயிற்றெரிச்சலும் அதே கடிதத்தில் இருக்கிறது. அவருடைய எழுத்தர், கோலின் என்ற ஆங்கிலேயர், பிரான்சிசின் சபையில் சேர்ந்துவிட்டார். மிக்கேல், மத்தேயு என்று வேறு இருவரும் போய்விட்டார்கள். பாடகர் குழுத் தலைவரையும் ஹென்றி என்பவரையும் இன்னும் சிலரையும் போகவிடாமல் பிடித்து வைப்பதே பெரும்பாடாக இருக்கிறது என்கிறார். இந்தச் சபையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, பக்குவம் வராத இளைஞர்களையும் சோதித்துப் பார்க்காமல் இருவர் இருவராக உலகமெங்கும் அனுப்புகிறார்களே என்று கவலைப்படுகிறார். ஆட்களை இழந்த கோபம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அதே 1220 செப்டம்பரில் போப் ஹொனோரியுஸ், இந்தச் சபையில் சேருகிறவர்கள் ஒரு வருடம் பயிற்சிக்காலத்தில் இருந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். ழாக்கின் கண் எவ்வளவு கூர்மை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இவ்வளவு நல்லவராகச் சொல்கிறீர்கள். போரில் அவர் கையில் ரத்தம் இல்லையா? – வாசகர், சேலம்

இருக்கிறது. அந்தப் போருக்கு ஆள் சேர்த்தவரே அவர்தானே. கேள்வி நியாயமானது.

டாமியெட்டா 1219 நவம்பர் 5 அன்று விழுந்தது. உள்ளே போனவர்கள் கண்டது பசியிலும் நோயிலும் செத்துக் கிடந்த நகரம். உயிரோடு இருந்தவர்களில் வசதியானவர்களைக் கைதிப் பரிமாற்றத்துக்காக வைத்துக்கொண்டு, மற்றவர்களை அடிமைகளாக விற்றார்கள். இதை எழுதும்போது ழாக்கிடம் சஞ்சலம் தெரியவில்லை. குழந்தைகளைப் பற்றி எழுதும்போது மட்டும் குரல் மாறுகிறது. பெரும் சிரமமும் செலவும் எடுத்துக் குழந்தைகளைக் காப்பாற்றி ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார், அதில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஞானஸ்நானத்துக்குப் பிறகு இறந்துபோனார்கள். பிழைத்தவர்களில் சிலரைத் தன்னோடு வைத்துக்கொண்டார், சிலரை வளர்த்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்படி நண்பர்களிடம் ஒப்படைத்தார்.

அவர் மனசில் அது அன்பு. அந்தக் குழந்தைகளின் ஆன்மாவைக் காப்பாற்றியதாகவே நம்பினார். ஆனால் அவர்களை அனாதைகளாக்கியது அவர் ஆசீர்வதித்த முற்றுகை, அவர்களுக்கென்று ஒரு மொழியும் ஒரு மதமும் ஏற்கெனவே இருந்தன. அவருடைய கருணையை நான் மறுக்கவில்லை. அந்தக் கருணை எந்த இடத்தில் நின்றுகொண்டு செய்யப்பட்டது என்பதை மறந்துவிட்டு அவரைப் பாராட்டவும் எனக்கு மனம் வராது.

ஏழாவது கடிதத்தில் இந்திய அரசர் ஒருவர் படையோடு வருவதாக எழுதியிருக்கிறாராமே, எந்த அரசர்? சோழரா, பாண்டியரா? – வாசகர், சிங்கப்பூர்

இருவரும் இல்லை. 1221 ஏப்ரல் 18 தேதியிட்ட கடிதம் இது. டாமியெட்டாவைப் பிடித்து ஒன்றரை வருடம் ஓடிவிட்டது, படை அங்கேயே முடங்கிக் கிடக்கிறது. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் வருவார் வருவார் என்று காத்திருக்கிறார்கள், அவர் வரவில்லை. பலர் ஊருக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கிழக்கிலிருந்து ஒரு செய்தி வருகிறது. தாவீது என்ற மாபெரும் கிறிஸ்தவ அரசர், இந்தியர்களின் அரசர், மக்கள் குரு யோவான் என்று அழைப்பவர், பாரசீகப் பக்கத்து முஸ்லிம் அரசர்களையெல்லாம் நொறுக்கிக்கொண்டு எருசலேமை நோக்கி வருகிறார் என்பது செய்தி. அரபியிலிருந்து லத்தீனாக்கப்பட்ட அறிக்கை ஒன்று ழாக்கிடம் வந்தது. திரிப்போலி பிரபுவின் ஆட்கள் அதேபோல் ஒரு பிரதி கொண்டுவந்தார்கள். வாசனைப் பொருளும் ரத்தினமும் கொண்டுவரும் வணிகர்களும் அதே மாதிரிக் கடிதங்களைக் காட்டினார்கள். போதாததற்கு, பிடிபட்டு பாக்தாத் கலீபாவரை அனுப்பப்பட்டு, அங்கிருந்து தாவீது அரசரிடம் போய் அவரால் விடுவிக்கப்பட்டதாகச் சொன்ன கைதிகளும் திரும்பி வந்தார்கள்.

ஒரு செய்திக்கு இத்தனை வழியில் சாட்சி வந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? ழாக் அப்படியே நம்பினார், போப்புக்கு எழுதினார், பாரிசுக்கும் எழுதினார்.

உண்மையில் கிழக்கே பெரும் படை ஒன்று வந்துகொண்டுதான் இருந்தது. அது செங்கிஸ் கானின் மங்கோலியப் படை. 1219-இல் மத்திய ஆசியாவின் குவாரிசம் பேரரசுக்குள் புகுந்து, 1220-இல் புகாராவையும் சமர்க்கண்டையும் வீழ்த்தியது. நடந்த போர்கள் உண்மை, தோற்ற அரசர்கள் உண்மை, ஜெயித்தவர் மட்டும் தாவீது இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. தூரக்கிழக்கில் ஒரு கிறிஸ்தவ குருவரசர் இருக்கிறார் என்ற கதை அதற்கு எழுபது எண்பது வருடத்துக்கு முன்பிருந்தே ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்தது. ஐரோப்பியரின் அன்றைய நினைப்பில் இந்தியா என்பது பாரசீகத்துக்கு அப்பால் எங்கோ விரிந்து கிடந்த ஒரு பெரும் பரப்பு, அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை இருக்கும் இடம். மயிலாப்பூர் மரபோடு இந்தக் கதைக்கு இருக்கும் தொடர்பு அந்த அளவோடு நின்றுவிடுகிறது.

ஏழு கடிதங்களில் நான் அடிக்கடி திரும்பிப் போவது இந்தக் கடிதத்துக்குத்தான். அவர் மூடர் இல்லை. சாட்சிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார், எது எந்த வழியாக வந்தது என்று குறித்திருக்கிறார். ஆனாலும் எல்லாச் சாட்சிகளும் அவருக்கு வேண்டியதையே சொன்னபோது சந்தேகம் எழவில்லை. உதவி வருகிறது என்று நம்ப வேண்டிய நிலையில் அந்தப் படை முழுக்க இருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? – வாசகர், மட்டக்களப்பு

1221 ஜூலையில் படை தெற்கே கெய்ரோவை நோக்கிக் கிளம்பியது. நைலில் வெள்ளம் ஏறும் பருவம் அது. மன்சூரா பக்கத்தில் எகிப்தியர்கள் மதகுகளைத் திறந்துவிட, சிலுவைப்படை சேற்றில் சிக்கி ஆகஸ்ட் கடைசியில் சரணடைந்தது. செப்டம்பர் 8 அன்று டாமியெட்டா திருப்பிக் கொடுக்கப்பட்டது. இதற்கு முன்பே, நீங்கள் எகிப்தை விட்டுப் போனால் எருசலேமைத் தருகிறேன் என்று அல்-காமில் சொல்லிப் பார்த்தார். எருசலேம் அரசர் பட்டம் தாங்கிய ஜான் ஏற்றுக்கொள்ளலாம் என்றார், போப்பின் தூதர் பெலாஜியுஸ் மறுத்துவிட்டார். 1229-இல் அதே அல்-காமில், போரே இல்லாமல், ஒப்பந்தம் மூலம் பிரெடரிக்குக்கு எருசலேமைக் கொடுத்தார்.

தோல்விக்குப் பிறகு ழாக் எழுதிய கடிதம் எதுவும் நம் கைக்கு வரவில்லை. கடைசிக் கடிதம் அந்த ஏப்ரல் கடிதம்தான், தாவீது அரசர் வந்துகொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கையோடு நின்றுவிடுகிறது. சில வருடம் கழித்து அவர் ஐரோப்பா திரும்பினார், ஆக்கர் பதவியைத் துறந்தார், 1229-இல் கர்தினால் ஆனார், 1240 மே 1 அன்று ரோமில் இறந்தார். உடலை அவர் விருப்பப்படி ஓன்யிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவருடையது என்று சொல்லப்படும், தோல் தாளில் சித்திரம் தீட்டிய ஆயர் தொப்பி ஒன்று பெல்ஜியத்தின் நமூர் நகரத்தில் இன்றும் இருக்கிறது.

பெண்களைப் பற்றி அவர் ஏதாவது நல்லதாக எழுதினாரா, அல்லது அந்தக் காலத்துக் குருக்கள் போலத்தானா? – வாசகி, திருச்சி

நல்ல கேள்வி. முதல் கடிதத்திலேயே ஒரு சின்னச் செய்தி இருக்கிறது, பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். மரியைப் போல மடத்தில் சேராமல், சேர்ந்து வாழ்ந்து உழைத்துச் செபித்த பெண்கள் லியேஜ் பக்கத்தில் நிறைய இருந்தார்கள். பெகீன்கள் என்று பிறகு பெயர் பெற்றவர்கள். 1215 லாத்தரன் சங்கம் புதிய துறவு சபைகள் கூடாது என்று தடை போட்டுவிட்டது, இவர்கள் கதி என்ன என்பது யாருக்கும் புரியாத நேரம். ழாக் பெரூஜியாவில் புது போப்பிடம், லியேஜ் மறைமாவட்டத்திலும் பிரான்சிலும் ஜெர்மானியப் பேரரசிலும் இந்தப் பெண்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழவும், ஒருவரையொருவர் நல்வழியில் ஊக்கப்படுத்திக்கொள்ளவும் அனுமதி கேட்டு வாங்கினார். தன் பதவிக்காகப் போன இடத்தில், ஊரில் இருந்த பெண்களுக்காகப் பேசியிருக்கிறார். அவருடைய பிரசங்கங்களில் பெண்களைத் தாழ்த்தும் கதைகள் ஏராளம், அதை மறைக்க வேண்டியதில்லை. இந்த அனுமதி வாங்கியதும் அதே மனிதர்தான். போர்கள் எல்லாம் தோற்றுப்போயின, டாமியெட்டா போயிற்று, 1291-இல் ஆக்கரும் போயிற்று. பெகீன் வீடுகள் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்தன.

எங்கே படிக்கலாம்? – வாசகர், புதுச்சேரி

லத்தீன் தெரிந்தால் ஹய்கென்ஸ் என்ற அறிஞர் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு 1960-இல் லைடனில் வெளியிட்ட பதிப்பைத் தேடுங்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிரெஞ்சு பழக்கம் என்பதால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இன்னும் எளிது. படிக்கும்போது இரண்டாவது கடிதத்திலிருந்து தொடங்குங்கள், பிறகு முதல் கடிதத்துக்கு வாருங்கள், ஏழாவதை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.